மெயின்ஃப்ரேமில் எந்தத் தரவை எங்கே வைப்பது: ஃபைல் சிஸ்டம் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பத்தரை மணி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போதுதான் நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கே பேட்ச் ஜாப்கள் (ஆள் தலையீடு இல்லாமல் மொத்தமாக ஓடும் வேலைகள்) வரிசைகட்டி ஓடத் தொடங்கும் நேரத்தில், இங்கே சோழிங்கநல்லூரில் இரண்டாவது டீ ஓடிக்கொண்டிருக்கும். சென்னையில் மெயின்ஃப்ரேமுக்கு, அதாவது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்பியிருக்கும் பெரிய கணினிக்கு, சப்போர்ட் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழகிய நேரம் இது. அப்போதுதான் டிக்கெட் வரும்: எஸ்பி37 அபெண்ட். எழுத இடமில்லை என்று ஜாப் விழுந்து கிடக்கும்.

இப்படி விழும் ஜாப்களில் பாதியைத் தோண்டிப் பார்த்தால், இடம் உண்மையில் இருந்திருக்கும். தரவை வைத்த விதம்தான் தப்பாக இருந்திருக்கும். என்றைக்கோ ஒருவர் பழைய ஜேசிஎல்லை (ஜாப் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கட்டளை வரிகளை) காப்பி அடித்து, அதிலிருந்த டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) வகையையும் பிளாக் (ஒரே மூச்சில் எழுதும் தரவுத் துண்டு) அளவையும் அப்படியே விட்டிருப்பார். அந்த ஒரு வரிக்குப் பத்து வருடம் கழித்து வேறு யாரோ விலை கொடுப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, மெயின்ஃப்ரேமுக்கு எந்த ஃபைல் சிஸ்டம் பெஸ்ட்?" இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்லத் தொடங்கியதை முழுதாக எழுதியதுதான் இது. இதில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான்: வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மீட்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்களை அறியாத ஒருவர், நீங்கள் எழுதி வைத்த குறிப்பை மட்டும் படித்து, அந்தத் தரவைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதே முதல் அளவுகோல். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வரும்.

முதல் படி: எந்த இயங்குதளம், எந்த உலகம்

மெயின்ஃப்ரேம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஐபிஎம் இசட் பெட்டி ஒன்றுக்குள் எல்பார்கள், அதாவது தனித்தனிக் கணினி போல இயங்கும் பிரிவுகள், பல இருக்கும். ஒன்றில் ஐபிஎம்மின் சொந்த இயங்குதளமான இசட்/ஓஎஸ் ஓடும், இன்னொன்றில் லினக்ஸ் நேரடியாக ஓடும், மூன்றாவதில் மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் இசட்/விஎம் ஓடி அதன்மேல் நாற்பது லினக்ஸ் கெஸ்ட்கள் (மெய்நிகர் கணினிகள்) ஓடும். ஒவ்வொன்றிலும் 'ஃபைல்' என்ற சொல்லுக்கே பொருள் வேறு.

லினக்ஸில் ஃபைல் என்பது பைட்டுகளின் நீளமான ஓட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாது. இசட்/ஓஎஸ்ஸில் டேட்டாசெட் என்பது ரெக்கார்டுகளின் தொகுப்பு. ஒரு ரெக்கார்டு எத்தனை பைட், எத்தனை ரெக்கார்டு சேர்ந்தால் ஒரு பிளாக், வட்டில் எத்தனை சிலிண்டர் (இடத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். டைரக்டரி மரம் கிடையாது. புள்ளியிட்ட பெயரும் அது எந்த வால்யூமில் (வட்டில்) இருக்கிறது என்று சொல்லும் கேட்லாகும்தான் உண்டு. போதாக்குறைக்கு இசட்/ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஒரு யூனிக்ஸ் பகுதியும் இருக்கிறது. அங்கே டைரக்டரி மரம் உண்டு.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1973இல் ஐஐடி மெட்ராஸில் ஐபிஎம் 370/155 வந்து இறங்கியது. அந்த 370 வரிசைக்காக எழுபதுகளில் உருவான விசாம் என்ற தரவு அணுகுமுறைதான் இன்றைக்கும் வங்கிக் கணக்குகளையும் காப்பீட்டு பாலிசிகளையும் சுமக்கிறது. ஐம்பது வருடம் பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். அது செய்யும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இன்னும் வரவில்லை என்பதால்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: தரவிடம் நான்கு கேள்வி கேளுங்கள்

பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, தரவைப் பற்றி நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

யார் படிப்பார்கள், எப்படிப் படிப்பார்கள்? முதல் ரெக்கார்டிலிருந்து கடைசி வரை வரிசையாகவா, அல்லது ஒரு பாலிசி எண்ணைக் கொடுத்து அந்த ஒரு ரெக்கார்டை மட்டுமா? ஒரே நேரத்தில் எத்தனை சிஸ்டம் எழுதும்? மாதத்துக்கு எவ்வளவு வளரும், எப்போது அழிப்போம்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது: தொலைந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வர வேண்டும், யார் கொண்டுவருவார்?

கடைசிக் கேள்விக்கு அப்ளிகேஷன் டீமிடம் பதில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். "சீக்கிரம் வேணும்" என்பது பதில் ஆகாது. இரண்டு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்று எண்ணாகக் கேட்டு, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

மூன்றாம் படி: இசட்/ஓஎஸ்ஸில் டேட்டாசெட் வகை

வரிசையாக எழுதி வரிசையாகப் படிப்பதற்குச் சீக்வென்ஷியல் டேட்டாசெட் போதும். பேட்ச் ஜாப்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் ஃபைல்கள், ரிப்போர்ட்கள், வெளியே அனுப்பும் எக்ஸ்ட்ராக்ட்கள் எல்லாம் இதில் அடங்கும். தினமும் புதிதாக ஒன்று உருவானால் ஜிடிஜி (ஒரே பெயரில் அடுத்தடுத்த தலைமுறைகளை எண்ணிட்டு வைக்கும் தொகுப்பு) வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 255 தலைமுறை வரை வைக்கலாம், எக்ஸ்டெண்டட் ஜிடிஜியில் 999 வரை. நேற்றைய ஃபைல் எது, முந்தாநாள் ஃபைல் எது என்று பெயரில் தேதி போட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது பிளாக் அளவு. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

3390 என்ற ஐபிஎம் வட்டு வகையில் ஒரு டிராக்கில் (வட்டின் ஒரு சுற்றில்) 56,664 பைட் கொள்ளும். 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். 80 பைட் ரெக்கார்டு ஒன்றை 80 பைட் பிளாக்காகவே எழுதினால், ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவே இடைவெளியும் அடையாளக் குறிப்புகளும் இடத்தைத் தின்றுவிடும். ஒரு டிராக்கில் 78 ரெக்கார்டுதான் ஏறும், அதாவது 6,240 பைட். மீதி எல்லாம் வீண். அதே ரெக்கார்டுகளை 349 வீதம் சேர்த்து 27,920 பைட் பிளாக்காக எழுதினால், டிராக்குக்கு இரண்டு பிளாக், 698 ரெக்கார்டு ஏறும். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

ஒரு கோடி ரெக்கார்டு என்று வையுங்கள். முதல் முறையில் 8,548 சிலிண்டர் வேண்டும். இரண்டாவது முறையில் 956 சிலிண்டர் போதும். 3390 மாடல் 3 வால்யூம் ஒன்றில் மொத்தமே 3,339 சிலிண்டர்தான். ஒரே தரவு, ஒரு முறையில் மூன்று வால்யூம் கேட்கிறது, இன்னொரு முறையில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. காலைப் பத்தரை மணி எஸ்பி37க்கு இதுதான் பல நேரம் காரணம்.

இந்தக் கணக்கை நீங்கள் ஒவ்வொரு முறையும் போட வேண்டாம். ஜேசிஎல்லில் பிளாக் அளவைச் சுழியம் என்று கொடுங்கள், அல்லது கொடுக்காமலே விடுங்கள். சிஸ்டமே வட்டுக்கு ஏற்ற அளவைத் தேர்ந்துகொள்ளும். பழைய ஜேசிஎல்லில் 80, 800, 3120 என்று எண்கள் எழுதியிருந்தால், அது எந்தக் காலத்து வட்டுக்காக எழுதியது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். அதே எண் கோபால் (COBOL) நிரலுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கலாம், அதையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

சோர்ஸ், ஜேசிஎல், காப்பிபுக், லோடு மாட்யூல் (ஓடத் தயாரான நிரல்) போன்ற நூலகங்களுக்கு, அதாவது பல மெம்பர்களை (சிறு ஃபைல்களை) ஒன்றாக வைக்கும் டேட்டாசெட்டுகளுக்கு, பழைய வகையான பிடிஎஸ்ஸா, புதிய வகையான பிடிஎஸ்இயா? என் பதில்: புதிதாக உருவாக்கினால் பிடிஎஸ்இ. பழைய பிடிஎஸ்ஸில் ஒரு மெம்பரைத் திருத்திச் சேமித்தால், பழைய பிரதி கிடந்த இடம் காலியாகாது. அதை மீட்க அவ்வப்போது கம்ப்ரஸ் செய்ய வேண்டும். கம்ப்ரஸ் ஓடும்போது ஜாப் பாதியில் விழுந்தால் நூலகமே கெட்டுப்போகலாம். டைரக்டரி பிளாக்கும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். 256 பைட் பிளாக் ஒன்றில், ஐஎஸ்பிஎஃப் எடிட்டர் சேர்க்கும் புள்ளிவிவரத்தோடு சேமிக்கும் மெம்பர்கள் ஆறுதான் அடங்கும். 600 மெம்பர் வரும் என்றால் 100 பிளாக் வேண்டும். அதைக் குறைத்துப் போட்டால், வட்டில் ஏராளமாக இடம் இருக்கும்போதே புதிய மெம்பரைச் சேமிக்க முடியாமல் எஸ்பி14 வரும். எக்ஸ்டெண்ட் (வட்டில் ஒதுக்கிய இடத் துண்டு) 16 தாண்டினால் எஸ்இ37 அபெண்ட். பிடிஎஸ்இயில் காலியான இடம் தானாகவே திரும்பப் பயன்படும், டைரக்டரி தேவைக்கேற்ப வளரும், எக்ஸ்டெண்ட் 123 வரை போகும். இன்னொன்று: எண்டர்பிரைஸ் கோபால் 5ம் அதற்குப் பின் வந்தவையும் உருவாக்கும் புரோகிராம்களைப் பழைய பிடிஎஸ்ஸில் வைக்க முடியாது, பிடிஎஸ்இ வேண்டும். கம்பைலர் மாற்றும் திட்டம் இருந்தால் லோடு லைப்ரரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிடிஎஸ்இயை ஒரே சிஸ்பிளெக்ஸுக்குள் (ஒன்றாக இணைத்த மெயின்ஃப்ரேம் சிஸ்டங்களின் குழுவுக்குள்) இருக்கும் சிஸ்டங்கள் மட்டுமே பகிரலாம். இரண்டு வேறு சிஸ்பிளெக்ஸ்கள் ஒரே வட்டைப் பார்க்கும்படி வைத்து, இரண்டிலிருந்தும் எழுதினால் அது உடைந்துவிடும். டெவலப்மெண்ட் சிஸ்டமும் புரொடக்‌ஷன் சிஸ்டமும் நடுவே ஒரு 'ஷேர்டு பேக்' வைத்திருக்கும் இடங்கள் நிறைய. அந்த வட்டில் பழைய பிடிஎஸ்ஸே இருக்கட்டும்.

அடுத்தது விசாம். பாலிசி எண் போன்ற ஒரு சாவியைக் கொடுத்து ஒரு ரெக்கார்டை எடுக்க வேண்டும், அதே ஃபைலைச் சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) பகலில் திறந்து வைத்திருக்கும் என்றால் கேஎஸ்டிஎஸ். வந்த வரிசையிலேயே கடைசியில் சேர்த்துக்கொண்டு போனால் ஈஎஸ்டிஎஸ். ரெக்கார்டு எண்ணாலேயே எடுத்தால் ஆர்ஆர்டிஎஸ். நான் பார்த்த இடங்களில் இது அரிது. எல்டிஎஸ் என்பது வெறும் பைட் வெளி. டிபி2 டேட்டாபேஸ் தன் டேபிள்ஸ்பேஸ்களை அதில்தான் வைக்கிறது. அதை நீங்கள் நேரடியாகத் தொட வேண்டியிராது.

கேஎஸ்டிஎஸ்ஸை உருவாக்கும்போது மூன்று முடிவு எடுக்க வேண்டும். முதலாவது, கண்ட்ரோல் இண்டர்வல் (விசாம் ஒரே முறையில் படிக்கும் துண்டு) அளவு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் ஆன்லைன் வேலைக்கு 4,096 நல்ல தொடக்கம்; வரிசையாகப் படிக்கும் பேட்ச் வேலை அதிகமென்றால் பெரிதாக்கலாம். இரண்டாவது, காலியிடம். சாவிகள் நடுநடுவே வந்து சேரும் என்றால் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இண்டர்வல் பிளவும் (நிரம்பிய துண்டு இரண்டாவது) அதைவிட மோசமான ஏரியா பிளவும் (பல துண்டுகள் அடங்கிய பகுதியே இரண்டாவது) ஆகி வேகம் சரியும். சாவி எப்போதும் ஏறுவரிசையில் கடைசியில்தான் சேரும் என்றால் காலியிடமே வேண்டாம், வீண். பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 10, 10 என்று போட்டுவிடாதீர்கள். மூன்றாவது, வளர்ச்சி. சாதாரண விசாம் டேட்டாசெட் 4 ஜிபியைத் தாண்டாது. தாண்டும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே எக்ஸ்டெண்டட் ஃபார்மட்டும் எக்ஸ்டெண்டட் அட்ரஸபிலிட்டியும் கொண்ட டேட்டா கிளாஸில் (டேட்டாசெட்டின் பண்புகளை முன்பே வரையறுத்த தொகுப்பில்) உருவாக்குங்கள். 3.9 ஜிபியில் நின்றுகொண்டு மாதக்கடைசியில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

யூனிக்ஸ் பக்கம் முடிவு எளிது: இசட்எஃப்எஸ். முன்பு எச்எஃப்எஸ் என்று ஒன்று இருந்தது, இசட்/ஓஎஸ் 2.5இலிருந்து அதற்கு ஆதரவே கிடையாது. இன்னும் 2.4இல் எச்எஃப்எஸ் வைத்துக்கொண்டிருந்தால் மேம்படுத்துவதற்கு முன்பு மாற்றியாக வேண்டும். அதற்கென்றே பிபிஎக்ஸ்டபிள்யூஎச்2இசட் என்ற கருவி சிஸ்டத்தோடு வருகிறது. ஜாவா, கிட், ஸோவி போன்ற கருவிகள், பயனர்களின் ஹோம் டைரக்டரி எல்லாம் இசட்எஃப்எஸ்ஸில்தான்.

இசட்எஃப்எஸ் உள்ளுக்குள் ஒரு விசாம் எல்டிஎஸ்தான். ஆகவே பேக்கப், கேட்லாக், இட ஒதுக்கீடு எல்லாம் டேட்டாசெட் உலகத்து விதிப்படியே. தானாக வளரும்படி அமைத்தாலும், அந்த டேட்டாசெட்டுக்குச் செகண்டரி இடம் கொடுத்திருக்க வேண்டும், வால்யூமிலும் இடம் இருக்க வேண்டும். நிரம்பும் முன் எச்சரிக்கும் அக்ரிஃபுல் செய்தியை 85 சதவீதத்தில் வைத்து ஆட்டோமேஷனில் பிடியுங்கள். பெரியது வேண்டுமென்றால் 1.5 பதிப்பு அக்ரிகேட் (இசட்எஃப்எஸ் குடியிருக்கும் டேட்டாசெட்) 16 டிபி வரை போகும், பழைய 1.4 பதிப்பு 4 டிபியோடு நிற்கும். சிஸ்பிளெக்ஸில் பல சிஸ்டங்கள் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் எழுதினால் ஆர்டபிள்யூஷேர் என்று சொல்லி மவுண்ட் செய்யுங்கள், ஒவ்வொரு சிஸ்டமும் வட்டை நேரடியாக அணுகும். ஒரே சிஸ்டம்தான் பெரும்பாலும் தொடும் என்றால் அது தேவையில்லை.

நான்காம் படி: லினக்ஸுக்கு அடியில் எந்த வட்டு

இசட் பெட்டியில் லினக்ஸ் போடும்போது, ஃபைல் சிஸ்டத்துக்கு முன்பே ஒரு தேர்வு இருக்கிறது. ஃபைகான் (மெயின்ஃப்ரேமுக்கே உரிய இணைப்பு) வழியாக வரும் ஈசிகேடி டாஸ்டியா (மெயின்ஃப்ரேம் வகை வட்டா), ஃபைபர் சேனல் வழியாக வரும் ஸ்கஸி லன்னா (மற்ற சர்வர்களும் பயன்படுத்தும் வகை வட்டா)?

டாஸ்டி என்றால் பல பாதைகளைக் கையாளும் வேலையைச் சேனல் அமைப்பே பார்த்துக்கொள்ளும், லினக்ஸில் மல்டிபாத் அமைக்க வேண்டாம். வட்டை இசட்/ஓஎஸ் டீமும் பார்க்க முடியும். 'கம்பாட்டிபிள் டிஸ்க் லேஅவுட்'டில் வடிவமைத்தால் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் இசட்/ஓஎஸ்ஸுக்கு டேட்டாசெட் போலத் தெரியும், அங்கிருந்தே வால்யூம் பேக்கப் எடுக்கலாம். உங்கள் இடத்தில் அனுபவமுள்ள இசட்/ஓஎஸ் ஸ்டோரேஜ் டீம் இருந்தால் இது பெரிய பலம். குறை என்னவென்றால் ஒரு வால்யூமில் மூன்று பார்ட்டிஷன்தான் போடலாம், ஒரே வட்டுக்கு இணையாகப் பல ஐ/ஓ போக ஹைப்பர்பாவ் என்ற வசதி வேண்டும். ஸ்கஸி லன் மிகப் பெரிதாகவும் எடுக்கலாம், இணை ஐ/ஓ இயல்பாகவே உண்டு. ஆனால் மல்டிபாத்தை நீங்களே சரியாக அமைக்க வேண்டும், ஸோனிங், லன் மாஸ்கிங் (எந்தக் கணினி எந்த வட்டைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) எல்லாம் சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) டீமோடு பேசி முடிக்க வேண்டும்.

என் வழக்கம்: இயங்குதளத்துக்கு டாஸ்டி, சில நூறு ஜிபிக்கு மேல் போகும் டேட்டாபேஸுக்கு ஸ்கஸி.

டாஸ்டியை வடிவமைக்கும்போது பிளாக் அளவு 4,096 தானா என்று பாருங்கள். டிராக்குக்கு 12 பிளாக், 49,152 பைட் கிடைக்கும். 512 என்று வடிவமைத்தால் 49 பிளாக்தான் ஏறும், 25,088 பைட். பாதி வட்டு காற்றில் போய்விடும். டாஸ்டிஎஃப்எம்டி கட்டளை தானாகவே 4,096தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் யாரோ எழுதி வைத்த பழைய ஸ்கிரிப்டில் வேறு எண் இருக்கலாம்.

ஐந்தாம் படி: எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4, பட்டர்எஃப்எஸ்

இந்த மூன்றுக்கும் நடுவே இணையத்தில் நடக்கும் சண்டைகளை விட்டுவிடுங்கள். மெயின்ஃப்ரேமில் முதல் கேள்வி, உங்கள் டிஸ்ட்ரிபியூஷன் எதற்கு ஆதரவு தருகிறது என்பதுதான். ரெட் ஹாட் 7இலிருந்து எக்ஸ்எஃப்எஸ்தான் இயல்பு, 8இலிருந்து பட்டர்எஃப்எஸ்ஸே கிடையாது. சூசேயில் ரூட்டுக்குப் பட்டர்எஃப்எஸ், தரவுக்கு எக்ஸ்எஃப்எஸ். உபுண்டுவில் ஈஎக்ஸ்டி4. பழைய சூசே கெஸ்ட்களில் ரைசர்எஃப்எஸ் இன்னும் கிடந்தால் உடனே வெளியேறத் திட்டமிடுங்கள்; லினக்ஸ் கர்னல் 6.13இல் அது மொத்தமாக நீக்கப்பட்டுவிட்டது. அடுத்தது டேட்டாபேஸ் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியல். இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒன்றை வேகச் சோதனையில் முந்துகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். ஞாயிறு இரவில் உடைந்தால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள்.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய ஃபைல்களுக்கும் பல திரெட்கள் ஒரே நேரத்தில் எழுதும் வேலைக்கும் நன்றாகத் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதனால் எல்விஎம்மில் (பல வட்டுகளைச் சேர்த்துப் பங்கிடும் லினக்ஸ் அடுக்கில்) மொத்த இடத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், தேவைக்குக் கொடுத்துப் போகப்போக வளர்த்துங்கள். ஈஎக்ஸ்டி4ஐ மவுண்டை அவிழ்த்துவிட்டுச் சிறிதாக்கலாம். பூட் பார்ட்டிஷன், சின்னச் சின்ன கெஸ்ட்கள், நூறு கெஸ்ட்களுக்கு ஒரே மாதிரி போடும் கோல்டன் இமேஜ் ஆகியவற்றுக்கு ஈஎக்ஸ்டி4 தொல்லையில்லாதது. பூட் பகுதியை மட்டும் எப்போதும் தனியாக, எளிமையாக வையுங்கள். இசட்டில் லினக்ஸைத் துவக்கும் இசட்ஐபிஎல் அதிலிருந்துதான் கர்னலைத் தூக்குகிறது, பல வால்யூம்களில் பரந்த எல்விஎம்முக்குள் அதைப் புதைக்காதீர்கள்.

எக்ஸ்86 இயந்திரத்திலிருந்து தரவை மாற்றுகிறீர்களா? இசட் பெரிய எண்டியன் இயந்திரம், அதாவது எண்ணின் பைட்டுகளை எக்ஸ்86க்கு நேர்மாறான வரிசையில் வைக்கும். எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 இரண்டுக்கும் வட்டிலுள்ள வடிவம் நிலையானது என்பதால் ஃபைல் சிஸ்டம் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் பைனரி ஃபைல்கள் அப்படியே வேலை செய்யும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எக்ஸ்போர்ட் எடுத்து இம்போர்ட் செய்வதுதான் சரி.

பட்டர்எஃப்எஸ்ஸின் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையைப் பிடித்து வைப்பது) அருமையான வசதி. திருத்தம் ஏற்றிவிட்டு ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ரூட்டோடு அது நிற்கட்டும். நான் இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றேன். ஒரு வாடிக்கையாளரின் சூசே கெஸ்ட்டில், ரூட்டுக்கு நேர் கீழே ஒரு டைரக்டரி போட்டு டேட்டாபேஸின் ஆர்க்கைவ் லாகுகளை வைத்திருந்தோம். தனி சப்வால்யூம் (ஸ்னாப்ஷாட்டில் சேராத தனிப் பிரிவு) கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஏற்றியபோது, முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி தானாக ஸ்னாப்ஷாட் எடுத்தது. மறுநாள் சனிக்கிழமை வட்டு நிரம்பியது. பழைய லாகுகளில் 30 ஜிபியை அழித்தோம். காலியிடம் ஒரு துளிகூட ஏறவில்லை. மறுபடியும் அழித்தோம். அப்போதும் இல்லை. அழித்த ஃபைல்களை எல்லாம் ஸ்னாப்ஷாட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரிய நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் டேட்டாபேஸ் நின்றுகொண்டிருந்தது. அந்த டைரக்டரியை எக்ஸ்எஃப்எஸ்ஸில் தனி வால்யூமாக வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஃபைல் சிஸ்டத்தில் குறை இல்லை. எதை எங்கே வைப்பது என்று நாங்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பல கெஸ்ட்கள் ஒரே ஃபைல்களில் எழுத வேண்டுமா? எக்ஸ்எஃப்எஸ்ஸையும் ஈஎக்ஸ்டி4ஐயும் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்யவே கூடாது. இசட்/விஎம்மில் மினிடிஸ்க்கை (கெஸ்ட்டுக்கு ஒதுக்கிய வட்டுப் பகுதியை) பல பேர் எழுதும் முறையில் லிங்க் செய்ய முடியும் என்பதால் சிலர் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கெஸ்ட்டும் தன் நினைவகத்தில் இருப்பதே உண்மை என்று நம்பி எழுதும், சில மணி நேரத்தில் மொத்தமும் சிதைந்துவிடும். பகிர்வு லேசானது என்றால் நெட்வொர்க் வழியே பகிரும் என்எஃப்எஸ் போதும். கனமானது என்றால் ஐபிஎம் ஸ்டோரேஜ் ஸ்கேல். பழைய ஆட்கள் ஜிபிஎஃப்எஸ் என்று சொல்வது இதைத்தான். அதை நடத்தத் தெரிந்த ஆள் டீமில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

என்க்ரிப்ஷன் பற்றிச் சுருக்கமாக: இசட்/ஓஎஸ்ஸில் விசாம் டேட்டாசெட்டை என்க்ரிப்ட் செய்ய அது எக்ஸ்டெண்டட் ஃபார்மட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் எந்த ஃபைல் சிஸ்டமாக இருந்தாலும் அடியில் டிஎம்கிரிப்ட் என்ற என்க்ரிப்ஷன் அடுக்கை வைக்கலாம். வாடிக்கையாளர் பின்னால் கேட்பார் என்று தோன்றினால் இடத்தை இப்போதே அதற்கேற்ப உருவாக்குங்கள்.

ஆறாம் படி: மீட்டுப் பாருங்கள்

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் முதல் வாரம். ஓஎம்ஆரில் பல இடங்களில் தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் வந்து வந்து போனது. எங்கள் டீமில் பாதிப் பேர் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. வேலையை வேறு ஊர் டீமிடம் கைமாற்றினோம். அந்த வாரத்தில் ஒரு கேஎஸ்டிஎஸ் கெட்டுப்போனது. அதை மீட்கும் முறை எங்கள் மூன்று பேர் மண்டையில் இருந்தது. எழுதி வைத்திருந்த குறிப்பில் ஜாப் பெயர் மட்டும்தான் இருந்தது. எந்த ஜிடிஜி தலைமுறையிலிருந்து எடுப்பது, அதற்குப்பின் எந்த ஜாப்களை வரிசையாக ஓட்டுவது என்று எதுவும் இல்லை. ஒரு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆனது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, சிக்னல் கிடைத்தபோதெல்லாம் ஒரு சக ஊழியருக்கு வரிவரியாகச் சொன்னேன்.

அதனால் எந்தத் தேர்வையும் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகும் முன்பு இதைச் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த வகையில் உண்மையான அளவில் ஒரு பிரதி உருவாக்குங்கள். 100 ரெக்கார்டு வைத்துச் சோதிப்பது சோதனை ஆகாது. உங்கள் பேக்கப் முறையிலேயே பேக்கப் எடுங்கள். இசட்/ஓஎஸ்ஸில் அது டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ்ஸோ எச்எஸ்எம்மோ ஆக இருக்கும். மவுண்ட் ஆகியிருக்கும் இசட்எஃப்எஸ்ஸையும் டிஎஸ்எஸ் சற்று நிறுத்தி எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஸ்டோரேஜ் பக்கமிருந்து ஃபிளாஷ்காப்பி (வட்டின் உடனடிப் பிரதி) எடுத்தால், எடுக்கும் முன் ஃபைல் சிஸ்டத்தை உறையவைத்து, எடுத்ததும் விடுவியுங்கள். எல்விஎம் நான்கு வால்யூம்களில் பரந்திருந்தால் நான்கையும் ஒரே நொடியில் எடுக்கும்படி ஒரு கன்சிஸ்டென்சி குரூப்பில் வையுங்கள். மூன்றை இப்போதும் நான்காவதை ஐந்து நிமிடம் கழித்தும் எடுத்தால் அது பேக்கப் அல்ல.

அப்புறம் அந்தப் பிரதியை அழித்துவிட்டு, டீமில் அந்த அப்ளிகேஷனை இதுவரை தொடாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார், எந்த வரியில் உங்களைக் கூப்பிடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விசாம் என்றால் வெரிஃபை, எக்ஸாமின் என்ற சரிபார்ப்புக் கட்டளைகள் இரண்டும் எப்போது ஓட்ட வேண்டும் என்று அந்தக் குறிப்பில் இருக்கிறதா? எக்ஸ்எஃப்எஸ் என்றால் பழுதுபார்க்கும் கருவி ஓட அந்த கெஸ்ட்டுக்குப் போதுமான நினைவகம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இசட்/விஎம்மில் நாம் நினைவகத்தைக் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்போம். பெரிய ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும்போது அது போதாமல் போகும்.

தொடக்கத்திலிருந்து தரவு திரும்பி வரும்வரை ஆன நேரத்தை, இரண்டாம் படியில் அப்ளிகேஷன் டீமிடம் வாங்கிய எண்ணோடு வைத்துப் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஃபைல் சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன், தரவைப் பிரிக்க முடியுமா என்று யோசியுங்கள். 2 டிபி ஒரே ஃபைல் சிஸ்டமாக இருப்பதை நான்கு 500 ஜிபியாக ஆக்கினால், கெட்டுப்போன ஒன்றை மட்டும் மீட்டால் போதும். கேஎஸ்டிஎஸ்ஸில் ஏழு வருடத் தரவு கிடந்தால், முடிந்த வருடங்களைத் தனி டேட்டாசெட்டுக்கு நகர்த்தலாம். பெரும்பாலும் இதிலேயே நேரம் பாதியாகிவிடும்.

அந்தத் தம்பி போன மாதம் தன் முதல் கேஎஸ்டிஎஸ்ஸை இந்த முறையில் உருவாக்கினான். மீட்புக் குறிப்பை எழுதி, பக்கத்து டீமில் டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தான். அவர் ஒன்பதாவது வரியில் நின்றுவிட்டார். அங்கே எந்த ஜிடிஜி தலைமுறை என்று எழுதவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான். இரண்டாவது முறை ஐம்பத்திரண்டு நிமிடத்தில், ஒரு கேள்வியும் கேட்காமல், தரவு திரும்ப வந்தது.